நாற்பது பெட்டிச் சாம்பல்

கிறிஸ்பின் ரொஹாஸ் குப்புறக் கிடந்தான். அவனுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி. அதாவது, முந்தின நாள் வரை பெட்டியாக இருந்த ஒன்று. இரண்டு கைகளும் அதை வளைத்துப் பிடித்தபடியே விறைத்திருந்தன. தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கியபோது சாம்பலும் கூடவே வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே, கெர்வின் கோழி ஆலையின் ஆவண அறை. வெளியே ஜனவரி மாதத்து மூடுபனி, கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு. தீ அணைந்து வெகுநேரம் கழித்துத்தான் எதிர் பாதாம் தோப்புக்காரருக்கே இங்கே ஏதோ எரிந்தது தெரிந்தது.

அறையில் இருந்தவை நாற்பது பெட்டிகள். ஆலைத் தளத்து வேலை நேரச் சீட்டுகள், நான்கு வருடத்தவை. தொழிலாளிகளின் வக்கீலிடம் வியாழக்கிழமைக்குள் அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி ஒகாமோட்டோ உத்தரவிட்டிருந்தார். இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

வழக்கு எளிமையானது. வேலைக்கு வருகிறவர்கள் கவசம் மாட்டி, கை கழுவி, ஆலை வாசலில் இருக்கும் உலோகச் சோதனை வளைவுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. மணி அடித்த பிறகுதான் கணக்கு. வரிசையில் யார் எப்போது வந்து நின்றார்கள் என்பதைத் தளத்து மேஸ்திரிகள் கையால் எழுதிய சீட்டுகள்தான் காட்டும். அந்தச் சீட்டுகளைக் கொடு என்று கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நிர்வாகம் முதலில் சீட்டுகள் ஏராளம் என்றது. பிறகு தொழிலாளிகளின் அந்தரங்கம் என்றது. பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதே போதும் என்றது. ஒவ்வொரு மனுவோடும் ஒரு பிரமாணப் பத்திரம்: நாற்பது பெட்டிகளும் பத்திரமாக இருக்கின்றன, பிரித்துப் பார்த்து நகலெடுக்க மாதக்கணக்காகும். ஒகாமோட்டோ பொறுமை இழந்து, நகல் வேண்டாம், பெட்டிகளையே கொடு என்று சொல்லிவிட்டார்.

இப்போது பெட்டிகள் இல்லை. நிர்வாகத்திடம் புதிய மனு ஒன்று இருந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் கிறிஸ்பின் ரொஹாஸ். அவன் இரவுத் துப்புரவு ஆள். அறையின் தளத்துப் பக்கக் கதவு துப்புரவு ஆட்களுக்காகத் திறந்தே இருக்கும். உடலுக்கருகே மூடி போட்ட எஃகு லைட்டர் ஒன்று கிடந்தது. ஆகவே வாதியே சாட்சியத்தைக் கொளுத்தினான், கொளுத்தியதில் அவனே மாட்டிக்கொண்டான், வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள். விசாரணை அடுத்த புதன்கிழமை.

வெள்ளி, காலை 8.15.

லெவோன் தாமூரியனின் அலுவலகத்தில் கிறிஸ்பினின் மனைவி எர்மினியா உட்கார்ந்திருந்தாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. லெவோன் தொழிலாளிகளின் வக்கீல். அவன் முன்னால் பெரிய மேசை, அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய தொப்பை. ஜன்னலோரம் தெல்ஃபினா ஓச்சோவா நின்றாள். அவனுக்காகத் துப்பு விசாரிப்பவள். சட்டக் கல்லூரியை ஒரே வருடத்தில் விட்டவள், பிறகு ஆஸ்பத்திரி இரவு வரவேற்பில் பத்து வருடம். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அழுகிறவர்களிடம் நேராகக் கேட்க வேண்டும்.

"அந்த லைட்டர் அவனோடதா?"

"இல்லைக்கா. போலீஸ்காரன் பையில போட்டுக் காட்டினான். அவர்கிட்ட இருந்தது மளிகைக் கடையில வாங்கின பிளாஸ்டிக் லைட்டர். அதைச் சொன்னேன். 'பொண்டாட்டிக்குத் தெரியாம ஆம்பளைங்க எத்தனையோ வச்சிருப்பாங்கம்மா'ன்னு சிரிக்கிறான்."

"அவனுக்கு யார் மேலயாவது கோபம்?"

"எல்லார் மேலயும்தான் கோபம். அதுக்குன்னு தன் கேஸைத் தானே கொளுத்துவாரா?" குரல் உடைந்தது, அவளே ஒட்டவைத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக்காரி கூட இப்ப என்கிட்டப் பேசுறதில்லை. 'உன் புருஷனால எங்க கேஸும் போச்சு'ங்கிறா. சர்ச்சுல நான் உக்காந்த பெஞ்சுல யாரும் உக்காரலை. காசு வருதோ இல்லையோ, அவர் பேரை மட்டும் அந்தப் பேப்பர்லேருந்து எடுத்துக் குடுங்க."

அவள் போன பிறகு லெவோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தெல்ஃபி, இதுல நம்ம பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அறையைப் பார்க்க ஆர்டர் வாங்கினியே, அதைக் குடு."

வெள்ளி, காலை 10.40.

ஆலை வாசலில் பனிக்குள் ஒரு வரிசை நின்றது. பகல் வேலையின் இரண்டாவது கூட்டம். எல்லாருக்கும் ரப்பர் ஏப்ரன், தலையில் வலை, கையில் ஒன்றும் இல்லை. வளைவுக்குப் பக்கத்தில் காவல்காரர் பல்பீர், தலைப்பாகைக்கு மேலும் தாடிக்கு மேலும் வலை போட்டுக்கொண்டு, ஒருவரையும் அவசரப்படுத்தாமல், ஒருவருக்கும் இரங்காமல் நின்றிருந்தார்.

"என்ன பல்பீரு, இன்னைக்கு என் தங்கப் பல்லையும் கழட்டணுமா?" வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"கழட்டிக் குடு. ரெண்டு நாளா வீட்டு வாடகைக்கு யோசிச்சிட்டிருக்கேன்."

வரிசை சிரித்தது. ஓர் அடி நகர்ந்தது.

தெல்ஃபினாவின் முறை வந்தது. "கம்மல், மோதிரம், சாவி, சில்லறை, ஹேர்பின். எல்லாம் தட்டுல போடுங்க, மேடம்."

"கோர்ட் ஆர்டரோட வந்திருக்கேன்."

"ஆர்டருக்குக் கம்மல் கிடையாது. உங்களுக்கு இருக்கு."

அவள் கழற்றினாள். அவர் ஆர்டரை வாங்கினார். படிக்கவில்லை. மூலையில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பெருவிரல் நகத்தால் நெம்பி எடுத்துக் குப்பியில் போட்டார். அந்த இடத்தில் ஒரு துண்டு நீல டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு நீலப் பிளாஸ்டிக் பேனா ஒன்றைத் தந்தார்.

"எழுதுறதுக்குக் கூடவா?"

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு பொட்டலத்துல கம்பித் துண்டு போயிடுச்சு. ஒரு குழந்தை வாய் கிழிஞ்சிடுச்சு. அதுலேருந்து இந்த வாசல்ல எறும்பு கம்பி தூக்கிட்டுப் போனாலும் நான் எடுத்திடுவேன்."

சுவரில் புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒருவரது உடைமை: சாவிகள், சங்கிலிகள், லைட்டர்கள், மாதா பதக்கங்கள். ஓர் அறைக்கு மட்டும் குறுக்கே டேப் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு கல்யாண மோதிரம். அதற்குப் பின்னால் சாவியும் மஞ்சளாக ஏதோவும்.

"அது கிறிஸ்பினோடது," என்றார் பல்பீர், கேட்காமலே. "வாங்கிக்க யாரும் வரலை."

வளைவைக் கடந்தாள். சத்தம் வரவில்லை. வளைவுக்கு அடியிலேயே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு அப்பால் ஆலைத் தளம்; இப்பால் அலுவலகத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவு. கோட்டுக்கு இப்பால், கதவுக்குள்ளேயே ஒரு பெண் நின்றிருந்தாள். கோரீன் ஹாலக், சம்பளப் பிரிவின் தலைவி. நீல ஸ்வெட்டர், கழுத்தில் மெல்லிய சங்கிலி. அழுது வீங்கிய கண்கள்.

"பாவம் அந்தப் பையன்," என்றாள். "சின்னக் குழந்தைங்க வேற இருக்குன்னு சொன்னாங்க."

"குழந்தை கிடையாது."

"ஓ."

"அறைக்குக் கதவு எத்தனை?"

"ரெண்டு. தளத்துப் பக்கம் ஒண்ணு, எங்க ஆபீஸ் பக்கம் ஒண்ணு. எங்க பக்கம் எப்பவும் பூட்டித்தான் இருக்கும். ஒரு சாவி என்கிட்ட, ஒரு சாவி டேல்கிட்ட."

"என்கூட வர்றீங்களா?"

"இந்தக் கோட்டைத் தாண்டி நான் வரமாட்டேன், டியர். பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை கூடப் போனதில்லை. அந்த நாத்தம் எனக்கு ஆகாது."

கோட்டுக்கு அப்பாலிருந்து வந்தவர் டேல் ரிட்டர், ஆலை மேலாளர். கோழி வெட்டும் வரிசையில் தொடங்கி மேலே வந்தவர். இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. தெல்ஃபினாவுக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார். முன்னால் நடந்தார்.

அறையில் ஈரச் சாம்பல் கணுக்கால் வரை கிடந்தது. எஃகு அலமாரிகள் வளைந்து நின்றன. தெல்ஃபினா சுவர்களைப் பார்த்தாள். தளத்துப் பக்கச் சுவரில் பெயின்ட் கருத்திருந்தது. அலுவலகப் பக்கச் சுவரிலோ காரையே வெந்து உதிர்ந்திருந்தது.

"அவன் எங்க கிடந்தான்?"

ரிட்டர் தளத்துப் பக்கக் கதவைக் காட்டினார். கதவிலிருந்து இரண்டு எட்டு. அவ்விடத்தில் சாம்பல் மூன்று குவியலாகக் கிடந்தது. அலமாரியிலிருந்து அந்தக் குவியல்கள் வரை தரையில் இழுத்த தடம்.

"கொளுத்த வந்தவன் எதுக்குப் பெட்டியைக் கதவுப் பக்கம் இழுக்கணும்?"

ரிட்டர் தன் பாதி விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"அவன்தான் கொளுத்தினான்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்புறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லைம்மா."

வெளியே வரும்போது வளைவு அலறியது.

"உள்ள எதை எடுத்தீங்க?" பல்பீரின் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணும் எடுக்கலை."

"திரும்பிப் போய் வாங்க." மறுபடி அலறல். "பூட்ஸைக் கழட்டுங்க." வெறுங்காலோடு கடந்தாள், சத்தம் இல்லை. அவர் பூட்ஸைக் கவிழ்த்து, அடிப்பள்ளங்களில் அப்பியிருந்த சாம்பலை ஒரு மரக்குச்சியால் சுரண்டினார். காகிதத்தின் மேல் சின்னச் சின்னக் கம்பிகள் விழுந்தன. இரண்டு முனையும் உள்ளே மடங்கியவை. வெந்து கருத்தவை.

பல்பீர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். வரிசை பின்னால் முணுமுணுத்தது. அவர் காதில் விழவில்லை.

"இது என் வாசல் வழியாப் போகலை," என்றார். அவமானப்பட்டவர் குரல் அது.

தெல்ஃபினா கம்பிகளை ஓர் உறையில் போட்டாள். பிறகு புறாக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். டேப் ஒட்டிய அறைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு ராத்திரி நீங்கதான் டியூட்டியா?"

"நான்தான்."

"கிறிஸ்பின் உள்ள போனப்ப வளைவு கத்துச்சா?"

"கத்தலை."

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"வந்தானான்னு கேட்டாங்க. வந்தான்னு சொன்னேன். வேற எதுவும் கேக்கலை."

திங்கள், காலை 9.30.

கோரீன் ஹாலக்கின் வாக்குமூலம் லெவோனின் அலுவலகத்தில். நீள மேசை. ஒரு முனையில் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்யும் பெண். கோரீனுக்குப் பக்கத்தில் நிர்வாகத்தின் வக்கீல் ப்ரூயிட்; மெலிந்த, சுத்தமான மனிதன். நிர்வாகத்தின் பிரதிநிதியாக டேல் ரிட்டரும் வந்திருந்தார். கோரீனுக்கு அடுத்து அவர் வாக்குமூலம்.

அதற்கு அரை மணி முன்பு, சமையலறையில் லாமஜூன் என்ற இறைச்சி ரொட்டியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டிருந்த லெவோனிடம் தெல்ஃபினா ஒரு தாளைக் கொடுத்திருந்தாள். "இதே வரிசையில கேளு. முதல்ல அவளைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டு. அப்புறம் திறக்கலாம்."

"நீ என்கிட்ட எதையும் சொல்லமாட்டே."

"உன் மூஞ்சி காட்டிக் குடுத்திடும்."

ப்ரூயிட் எல்லாருக்கும் பழைய பிரமாணப் பத்திரத்தின் பிரதியைத் தள்ளினான். மூலையில் பின் அடித்த தாள்கள். தெல்ஃபினா ரிட்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை எடுத்தார். படிக்கத் தொடங்கும் முன், கண் வேறு எங்கோ இருக்க, பெருவிரல் நகம் பின்னை நெம்பியது. பின் சட்டைப் பைக்குள் போயிற்று. அவருக்கே அது தெரியவில்லை.

தட்டச்சுப் பெண் சத்தியம் வாங்கினாள். லெவோன் ஆரம்பித்தான்.

"மிஸ் ஹாலக், நாற்பது பெட்டியும் பத்திரமா இருக்குன்னு மூணு தடவை சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரியா?"

"சரி."

"பெட்டியில சீட்டுகளைப் போட்டது யாரு?"

"தளத்து மேஸ்திரிங்க. வாராவாரம் அவங்களே போட்டு மூடிடுவாங்க. கூட்டல் மட்டும் எனக்குக் கம்ப்யூட்டர்ல வரும்."

"அப்போ அந்தச் சீட்டுகள் உங்க மேசைக்கு வந்ததில்லை?"

"வரலை."

"பெட்டி மூடினதுக்கு அப்புறம் ஆபீஸ்லேருந்து யாராவது அதைத் திறந்தாங்களா?"

"இல்லை."

"ஏதாவது சேர்த்தாங்களா? எடுத்தாங்களா? ஒரு காகிதம், ஒரு கிளிப்பு?"

கோரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவள் தயார் செய்துவைத்திருந்த இடம். "ஒண்ணும் இல்லை. வழக்கு நோட்டீஸ் வந்த நாள்லேருந்து யாரும் தொடக் கூடாதுன்னு நான்தான் உத்தரவு போட்டேன். தளத்துலேருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருந்துச்சு. அதுக்கு நான் பொறுப்பு."

"எரிஞ்சதும் அதுதானா?"

"அதேதான்."

லெவோன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் தெல்ஃபினாவைப் பார்த்தான்.

அவள் உறையைத் திறந்து, மேசை நடுவில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் கொட்டினாள். கருத்த கம்பிகள் சில உருண்டு நின்றன.

"அப்போ இது எப்படி அங்க வந்துச்சு?"

"ஆட்சேபம்," என்றான் ப்ரூயிட். "இந்தம்மா வக்கீல் இல்லை. கேள்வி கேக்கக் கூடாது."

"அதுதான் என் கேள்வி," என்றான் லெவோன். "எழுதிக்கோங்க, நான் கேட்டதா."

கோரீன் எட்டிப் பார்த்தாள். "ஸ்டேப்ளர் பின். அது காகிதம் எரிஞ்ச சாம்பல். காகிதத்துல பின் இருக்காதா?"

"அதையேதான் தீயணைப்புக்காரங்களும் நெனைச்சாங்க," என்றாள் தெல்ஃபினா. "ஷெரிஃப் ஆளுங்களும் நெனைச்சாங்க. அது என் பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு வெளிய வரலைன்னா நானும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன். காகிதச் சாம்பல்ல பின் கிடந்தா யாரு திரும்பிப் பார்ப்பா? ஆனா நான் வெள்ளிக்கிழமை அந்த வாசல் வழியாப் போனேன். ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட ஆர்டர்லேருந்து பின்னைப் பிடுங்கிட்டுத்தான் பல்பீர் என்னை உள்ள விட்டாரு. ஆறு வருஷமா அந்தத் தளத்துக்குள்ள ஒரு பின் போனதில்லை. பெட்டியில இருந்ததோ நாலு வருஷச் சீட்டு. தளத்து மேஸ்திரிங்க எழுதின சீட்டு, அவங்களே போட்டு மூடின பெட்டி, யாரும் தொடலைன்னு இப்பதான் சத்தியம் பண்ணீங்க. அதுல எப்படிப் பின் இருக்கும்?"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் மட்டும் ஓடின.

"எரிஞ்சது சீட்டு இல்லை. ஆபீஸ் குப்பை. அது வாசல் வழியாப் போயிருக்க முடியாது, வளைவு கத்தியிருக்கும். ஆபீஸ் பக்கக் கதவு வழியா மட்டும்தான் போயிருக்க முடியும். தீ பிடிச்சதும் அந்தப் பக்கம்தான், சுவரைப் பார்த்தாலே தெரியுது. அந்தக் கதவுக்குச் சாவி ரெண்டு பேர்கிட்ட."

தெல்ஃபினா ரிட்டரைக் கையால் காட்டினாள்.

"நான் முதல்ல இவரைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றாள் தெல்ஃபினா. "ஆனா இவரு பெட்டிக்குள்ள பின் அடிச்ச காகிதத்தைப் போட முடியாது. கையே விடாது. சார், உங்க சட்டைப் பையில என்ன இருக்குன்னு பாருங்க."

ரிட்டர் பைக்குள் விரலை விட்டார். பின்னை எடுத்துப் பார்த்தார். தன் முன்னால் இருந்த, நீல டேப் ஒட்டாத தாள் மூலையைப் பார்த்தார். பின்னை மேசையில் வைத்தார், மெதுவாக.

"லைட்டரும் அப்படித்தான். தளத்து ஆள் மேல பழி போடணும்னு எஃகு லைட்டரை உள்ள எறிஞ்சிட்டு வந்தாங்க. தளத்துல வேலை பார்த்த எவனும் அதைச் செய்யமாட்டான். அங்க லைட்டர் இருக்கவே முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். கிறிஸ்பினோட லைட்டர் மஞ்சள் பிளாஸ்டிக்கு. இன்னும் வாசல்ல புறாக்கூட்டுல இருக்கு, கல்யாண மோதிரத்துக்குப் பின்னாடி. ஒரே ஆள், ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணியிருக்காங்க. சாவி கையில இருக்கணும், ஆனா அந்தத் தளத்துல என்ன நடக்குதுன்னு ஒண்ணுமே தெரியாத ஆளா இருக்கணும். ஜனங்க எதுக்காக வரிசையில நிக்கிறாங்கன்னு கூடத் தெரியாத ஆளா." அவள் கோரீன் பக்கம் திரும்பினாள். "பதினெட்டு வருஷம். மஞ்சள் கோட்டை ஒரே ஒரு தடவை தாண்டியிருந்தீங்கன்னா, மிஸ் ஹாலக், தப்பிச்சிருப்பீங்க."

"அதுதான் என் கேள்வி," என்றான் லெவோன்.

"பதில் சொல்லாதீங்க," என்றான் ப்ரூயிட். "நாம ஒரு இடைவேளை எடுத்துக்கலாம்."

ஆனால் கோரீன் ப்ரூயிட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறையைச் சுத்தம் பண்ணுன்னு தலைமை ஆபீஸ்லேருந்து வந்துச்சு. நோட்டீஸ் வந்த மறு வாரம். நான் சீட்டையெல்லாம் காகித அரவைக்குப் போட்டுட்டேன். அப்புறம்தான் நீங்க வந்து எத்தனை பெட்டின்னு கேட்டீங்க. இல்லைன்னு எப்படிச் சொல்ல? ஆபீஸ் குப்பையைப் பெட்டியில ரொப்பி வச்சேன். நீங்க ஒரு தடவை வந்து பெட்டியை எண்ணிட்டுப் போனீங்க, ஒண்ணைக் கூடத் திறக்கலை. கையெழுத்துப் போடுன்னீங்க, போட்டேன். கொடுக்கமாட்டோம், கவலைப்படாதேன்னீங்க. மூணு தடவையும் அப்படித்தான் சொன்னீங்க."

ப்ரூயிட் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"உள்ள ஆள் வருவான்னு எனக்குத் தெரியாது," என்றாள் கோரீன். "வெறும் காகிதம்தானே. யாரு காகிதத்துக்காக நெருப்புக்குள்ள வருவா?"

ஆவண அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் துப்புரவு செய்துகொண்டிருந்தவனுக்குப் புகை நாற்றம் வந்திருக்கிறது. கதவைத் தள்ளியிருக்கிறான். ஓடியிருக்கலாம். வரிசையில் நின்ற ஒவ்வொரு காலையும் அந்தப் பெட்டிகளில் இருப்பதாக அவன் நினைத்தான். மூன்றாவது பெட்டியைக் கதவுப் பக்கம் இழுத்து வந்தபோது புகை முந்திக்கொண்டது.

அடுத்து ரிட்டர் சத்தியம் செய்தார்.

"லைட்டரைப் பத்தி உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டான் லெவோன்.

"அவனைத் தூக்கினப்பவே. எஃகு லைட்டர். பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு, எங்க ஆளோடது இல்லைன்னு."

"ஏன் சொல்லலை?"

ரிட்டர் தன் பாதி விரலைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு ஓய்வு."

தட்டச்சுப் பெண் அதையும் எழுதினாள்.

புதன், மதியம் 1.20.

ஒகாமோட்டோ தீர்ப்பை உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். நிர்வாகத்தின் மனு தள்ளுபடி. சீட்டுகளை அழித்தது நிர்வாகம் என்பதால், வாசலில் நின்ற நேரத்தைப் பற்றித் தொழிலாளிகள் சொல்வதே உண்மை என்று நடுவர் குழு எடுத்துக்கொள்ள வேண்டும். தீயை மூட்டியது கிறிஸ்பின் ரொஹாஸ் அல்ல. அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிரமாணப் பத்திரங்களைப் பற்றி ப்ரூயிட்டிடம் தனியாகக் கேள்வி இருப்பதாகச் சொன்னார். கோரீனை ஷெரிஃப் ஆட்கள் திங்கட்கிழமையே அழைத்துப் போயிருந்தார்கள்.

நீதிமன்றப் படிக்கட்டில் தங்கப் பல்காரி எர்மினியாவைத் தேடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு இன்னும் இரண்டு பேர். எர்மினியா அவர்களைத் தள்ளவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. நின்றாள். அவர்கள் போகிறவரை காத்திருந்தாள்.

தெல்ஃபினா சின்ன உறை ஒன்றை அவள் கையில் வைத்தாள். மோதிரம், சாவி, மஞ்சள் லைட்டர். பல்பீர் அதன் வாயை நீல டேப்பால் ஒட்டியிருந்தார்.

எர்மினியா மோதிரத்தைத் தன் விரலில், தன் மோதிரத்துக்கு மேலேயே போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. கையை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அவர் கடைசியாக் கட்டிப் பிடிச்சிருந்த பெட்டி. அதுல என்ன இருந்துச்சு? அந்தம்மா சொன்னாளா?"

சொல்லியிருந்தாள். எந்த அலமாரியில் எதைப் போட்டாள் என்று ஷெரிஃப் ஆட்களிடம் வரிசையாகச் சொல்லியிருந்தாள். தெல்ஃபினாவுக்கு ஒரு பொய் சொல்ல நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

"ஆபீஸ்காரங்க வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து வைப்பாங்களாம். அதுக்கு அடிச்ச நோட்டீஸ். மிச்சமானது."

எர்மினியா தெருவைப் பார்த்தாள். பனி இன்னும் விலகவில்லை. எதிரே நின்ற கார்களின் விளக்குகள் மட்டும் தெரிந்தன.

"எங்களை அதுக்குக் கூப்பிட்டதே இல்லை," என்றாள்.